மூன்றாம் மாடிப் புகையும் காகிதத்தின் பின்பக்கமும்

1

போன வருடம் சித்திரை மாதம் நகரசபையிலிருந்து எனக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே அறுபது ஒட்டுத்தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிகரட் படம், அதற்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவற்றை எங்கெங்கே, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஒட்டவேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு விளக்கமும் இருந்தது.

நான் கனடாவில் ஒரு ஏரிக்கரை நகரத்தில், ஐந்து மாடி வாடகைக் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கிறவன். நாற்பத்தெட்டு வீடுகள். குழாய் ஒழுகினால், லிஃப்ட் நின்றால், திறப்புத் தொலைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு வீடு தந்திருக்கிறார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். அதில் மனைவி பரீனாவும், பல்கலைக்கழகம் போகிற மகள் நுஸ்ராவும், நானும். சொந்த ஊர் மன்னார், உப்புக்குளம்.

புதுச் சட்டம் இதுதான். வாடகைக் கட்டடங்களின் நடைவழியிலும் படிகளிலும் பல்கனியிலும் புகைக்கக் கூடாது. வாசலிலிருந்து ஒன்பது மீற்றருக்குள் புகைக்கக் கூடாது. இனிமேல் குடிவருகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் புகைக்கக் கூடாது. முன்பிருந்தே இருப்பவர்கள் மட்டும், அடுத்த வீட்டாருக்குத் தொல்லை இல்லாமல், தங்கள் வீட்டுக்குள் புகைக்கலாம்.

இந்தக் கடைசி வரி முதலில் இருக்கவில்லை. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சட்டம் போடுவதற்கு முன் நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். யாரும் போகலாம், யாரும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். நானும் போய்ப் பின்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தேன். டக்ஸி ஓடுகிற ஒருவர் எழும்பிப்போய், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "நான் இருபது வருசமாக என் வீட்டுக்குள் புகைக்கிறேன். நாளைக்குக் காலையிலிருந்து நான் குற்றவாளியா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சபையில் இருந்த ஒரு பெண்மணி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் சட்டம் வந்தபோது அந்த வரி அதில் இருந்தது. ஒரு டக்ஸிக்காரர் கேட்ட கேள்வி சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன்.

எங்களுக்குச் சட்டம் என்றால் எங்கிருந்தோ வந்து இறங்குவது. கொழும்பிலிருந்து வரும், இராணுவ முகாமிலிருந்து வரும், இயக்கத்தின் காட்டிலிருந்தும் வரும். அது வருவதற்கு முன் எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

2

ஒட்டுத்தாள் ஒட்டிய முதல் கிழமை நான் பெரிய கூத்து ஒன்றைக் கிளப்பினேன். நாங்கள் ஊரில் சிகரட்டையும் குடிக்கிறதென்றுதான் சொல்வோம். பீடி குடிக்கிறது, சுருட்டுக் குடிக்கிறது. மன்னார் பஸாரில் வாப்பாவின் சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் பீடி குடித்தபடிதான் காத்திருப்பார்கள். சிலாவத்துறைக்குப் போகிற பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு கையால் ரிக்கற்றைக் கிழித்து மறுகையால் சிகரட்டைப் பிடித்திருப்பார். புகையைப் பற்றி யாரும் நினைத்ததே இல்லை. அது காற்றைப்போல ஒரு சாமான்.

அந்தப் பழக்கத்தில், இரண்டாம் மாடிப் பல்கனியில் நின்ற ஒரு கிழவியிடம் புதுச் சட்டத்தைச் சொல்லப்போய், நான் ஆங்கிலத்தில், "மடம், இன்றிலிருந்து பல்கனியில் குடிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டேன். அவர் தன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தேநீருமா?" என்று கேட்டார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் படியேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் இதைச் சொல்ல நுஸ்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். பிழை விடுவதில் அவளுடைய தமிழ் என் ஆங்கிலத்துக்குக் குறைந்ததல்ல. கட்டடத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகத் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதித் தரச் சொன்னேன். "இங்கே பகை பிடிக்கக் கூடாது" என்று எழுதித் தந்தாள். நான் திருத்தவில்லை. இரண்டு நாள் கீழ்வாசலில் அப்படியே தொங்கியது. பிறகு யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் ஒரு சின்னக் கோடு இழுத்துப் பகையைப் புகையாக்கிவிட்டுப் போனார்.

3

மூன்றாம் மாடியில் வோல்ட்டர் என்று ஒருவர். ரயில் பாதையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், எழுபத்தைந்து வயது. அந்த வீட்டில் இருபத்தேழு வருடமாக இருக்கிறார். மனைவி இறந்ததும் அந்த வீட்டில்தான். முழங்கால் சரியில்லை. ஒருநாளைக்கு ஒரு பெட்டி சிகரட் முடிப்பார். பழைய குடியிருப்பாளர் என்பதால் புதுச் சட்டம் அவரை விட்டுவைத்திருந்தது.

அவருக்கு நேர் மேலே நான்காம் மாடியில் செலாம். எரித்திரியாவிலிருந்து வந்த பெண், மருத்துவமனையில் துப்புரவு வேலை. ஐந்து வயதில் ஒரு மகள், பெயர் றாஹெல். பிள்ளைக்கு இழுப்பு, ஆஸ்துமா. ஒருநாள் செலாம் என்னைத் தன் குசினிக்குக் கூட்டிப்போய், கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்தாள்.

"இதற்குள் தலையை வைத்துப் பாருங்கள்."

வைத்தேன். வோல்ட்டரின் வரவேற்பறைக்குள் தலையை விட்டது போலிருந்தது. குழாய் இறங்குகிற இடத்தில் ஒரு துவாரம், என் கை போகுமளவுக்கு. கட்டடம் கட்டியவர்கள் அடைக்காமல் விட்டது. பக்கத்து அறையில் பிள்ளை முகத்தில் மூடியைப் போட்டுக்கொண்டு மருந்துப் புகையை இழுத்தபடி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய தோள் மேலெழும்பி இறங்கியது. என்னை அறியாமல் நானும் அவளோடு சேர்ந்து மூச்சிழுத்தேன்.

"அவரை வெளியேற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. மூச்சுத்தான் கேட்கிறேன்" என்றாள் செலாம்.

துவாரத்தை அடைக்கவேண்டும் என்று கட்டட உரிமையாளரின் மனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். நெருப்புப் பரவாத மாதிரி அடைக்கிற வேலை, அதற்கென்று அனுமதி பெற்ற ஆள்தான் செய்யலாம். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் எழுதினேன். அதற்கும் வரவில்லை. அதற்குப் பிறகு மனேஜர் நேரே வந்தார். கையில் ஒரு கடித உறை.

"மூன்றாம் மாடிக்கு. இன்றைக்கே கையில் கொடுத்துவிடு" என்றார்.

வோல்ட்டரின் புகை மேல்வீட்டாருக்குத் தொல்லை தருகிறது, ஆகவே வீட்டை விட்டுப் போகவேண்டும் என்கிற அறிவித்தல் அது. புதுச் சட்டத்தின் கடைசி வரியையே பிடித்திருந்தார்கள். அவர் கொடுப்பது பழைய வாடகை. அந்த வீடு காலியானால் புது ஆளிடம் எவ்வளவு வாங்குவார்கள் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

4

உறை ஒட்டப்படவில்லை. படியில் நின்று எடுத்து வாசித்தேன். முன்பக்கத்தில் பெயர், வீட்டு இலக்கம், காரணம், போகவேண்டிய திகதி. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், முதல் வரி:

நீங்கள் இதை ஏற்கவில்லை என்றால், வெளியேறத் தேவையில்லை.

அதற்குக் கீழே எந்தச் சபையில் முறையிடலாம், யார் இலவசமாக உதவி செய்வார்கள், எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று வரிசையாக இருந்தது. ஒரு மனிதனை வீட்டை விட்டுப் போகச் சொல்கிற காகிதம், அதே காகிதம், நீ போகத் தேவையில்லை என்றும் சொல்கிறது. நான் படியிலேயே இருந்துவிட்டேன். 

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம் எனக்குப் பதினான்கு வயது. எங்களுக்கு வந்தது காகிதம் இல்லை, ஒலிபெருக்கி. முஸ்லிம் ஆக்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்த தமிழ் இயக்கக்காரர் வீதி வீதியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு வாசலில் துவக்கோடு நின்றவனுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வாப்பா அவனிடம், "தம்பி, இதை ஆரிட்டக் கேக்கிறது?" என்றார். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "கேக்கிறதுக்கு ஆருமில்ல ஐயா. வெளிக்கிடுங்கோ."

உம்மா ஒரு பையில் உடுப்பையும் இன்னொன்றில் அரிசியையும் கட்டினார். பக்கத்து வீட்டு பிலோமினா அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செபமாலையை உருட்டியபடி அழுதார். அவவாலும் வேறொன்றும் செய்ய முடியவில்லை. மழைக்குள் கடற்கரையில் இரண்டு நாள் கிடந்து, தோணியேறிக் கற்பிட்டிக்குப் போய் இறங்கினோம். பிறகு புத்தளத்தில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் பல வருடம். பதினான்கு வயதில் நான் சொல்லப் பழகியது, "வீடு எங்க?" என்று யாராவது கேட்டால், "இப்ப இஞ்ச" என்பது.

அப்படிப்பட்ட நான் அன்றைக்கு இன்னொருவரை வெளியேற்றுகிற காகிதத்தோடு படியில் இருந்தேன்.

கொடுத்தேன். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். வோல்ட்டரின் கதவைத் தட்டி உறையை நீட்டினேன். அவர் முன்பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. கடைசியில் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் தங்கை வடக்கே இருக்கிறாள், அவளிடம் போகவேண்டியதுதான்."

பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நான் சொல்லவுமில்லை. நான் உரிமையாளரின் ஆள். வேலை போனால் என் வீடும் போகும். படியிறங்கி வந்து, பழுதில்லாத ஒரு குழாயைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

5

அன்றைக்குப் பின்னேரம் பரீனாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு அது தேவையில்லாத வேலை. அவருக்கு வாசிக்கத் தெரியும்தானே" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "இன்னொரு தரம் வீடு மாற என்னால ஏலாது" என்றாள். அவளும் எருக்கலம்பிட்டியில் பிறந்து, ஆறு வயதில் தோணியில் தூக்கி ஏற்றப்பட்டவள்தான். அவள் சொன்னதில் பிழையில்லை.

மறுநாள் காலை, ஊரில் அது பின்னேரம், வாப்பாவுக்கு அழைத்தேன். போர் முடிந்தபிறகு உப்புக்குளத்துக்குத் திரும்பியவர் அவர். எண்பதை நெருங்குகிறார், என் மூத்த சகோதரி ராத்தாவோடு இருக்கிறார். வழக்கமாகச் சாப்பாடு, சீனி வருத்தத்து மருந்து, மழை என்று மூன்று நிமிடத்தில் எங்கள் பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். சிகரட்டிலிருந்து தொடங்கியதால் முதலில் அவருக்குப் பிடிபடவில்லை.

"வீட்டுக்குள்ள சிகரட் குடிச்சதுக்கோ எழுப்பப் பாக்கிறாங்க?"

"மேல் வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வாப்பா. அதைத்தான் காரணமாப் போட்டிருக்கு."

"பிள்ளைக்கு இழுப்பெண்டா அதுவும் பாவம்தான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப போகத் தேவையில்ல எண்டும் அதிலேயே எழுதியிருக்கோ?"

"ஓம் வாப்பா. பின்பக்கத்தில."

"ஆர் எழுதினது? எழுப்பிற ஆக்களேயோ?"

"அவங்கதான். அதை எழுதாட்டி அந்தக் காகிதம் செல்லாது."

மறுமுனையில் காற்றாடி சுற்றுகிற ஒலி மட்டும் கேட்டது. 

"அதில எனக்கு ஒண்டு அனுப்பு மகன்."

"இங்கிலீசில இருக்கு. உங்களுக்கு வாசிக்க ஏலாதே."

"வாசிக்க இல்ல. பாக்கிறதுக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். வோல்ட்டர் பெட்டிகளில் கோப்பைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்துத் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து இருந்துகொண்டு, கீழே வரைக்கும் வாசித்து முடித்தார்.

"இதை எனக்குக் காட்டியதற்கு உனக்கு ஏதாவது நடக்குமா?"

"தெரியாது" என்றேன்.

6

வோல்ட்டர் போக மறுத்ததால் விசயம் காகிதத்தில் இருந்த அந்தச் சபைக்குப் போனது. விசாரணை கார்த்திகையில், கணினித் திரையில் நடந்தது. மனேஜர் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார். எங்கள் குசினி மேசையில் கணினியை வைத்து, நல்ல சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு இருந்தேன், சப்பாத்து யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும். நுஸ்ரா திரையில் தெரியாத பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள்.

விசாரித்தவர் நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண். தடிமன் போலும், அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் ஆங்கிலத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "உங்கள் மொழியில் பேச விரும்புகிறீர்களா? மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்" என்றார். திரையின் ஒரு சதுரத்தில் மட்டக்களப்புக் குரல் ஒன்று வந்தது. உண்மை சொல்வதாகக் குர்ஆன்மீது சத்தியம் செய்கிறீர்களா, அல்லது வெறும் வாக்குறுதி தருகிறீர்களா என்று அந்தக் குரல் தமிழில் கேட்டது. சத்தியம் செய்தேன். ஒரு கட்டடத்தில் குழாய் திருத்துகிறவனுடைய வார்த்தை பிசகிவிடக் கூடாது என்று ஒரு நாடு ஆள் பிடித்து வைத்திருக்கிறது.

"மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குப் புகை போகிறதா?"

"போகிறது. நான் அங்கே தலையை வைத்து மணந்து பார்த்தனான். பிள்ளைக்கு அது கூடாது."

மனேஜர் தலையசைத்தார். வோல்ட்டர் குனிந்துகொண்டார்.

"எந்த வழியால் போகிறது?"

துவாரத்தைப் பற்றிச் சொன்னேன். கையை விரித்து அளவு காட்டினேன்.

"அதை யாருக்காவது அறிவித்தீர்களா?"

மனேஜரின் முகம் திரையில் என் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவருடைய கண் நேரே என்னைப் பார்ப்பது போலிருந்தது. கணினியில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நுஸ்ரா மேசைக்குக் கீழே என் முழங்காலில் கையை வைத்தாள்.

"இரண்டு தரம் எழுதிக் குடுத்தனான்."

"பதில்?"

"வரேல்ல."

அவர் எழுதிக்கொண்டார். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். சொல்ல நினைத்து வரவில்லை, வாயில் வந்துவிட்டது. "நான் சின்ன வயசில ஊரை விட்டு அனுப்பப்பட்டனான். எங்கட வாப்பா, ஆரிட்டக் கேக்கிறது எண்டு கேட்டவர். ஒருத்தரும் இருக்கேல்ல. இண்டைக்கு நீங்கள் இருந்து கேக்கிறீங்கள். அவ்வளவுதான்." மட்டக்களப்புக் குரல் அதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னது. அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு, "நன்றி. பதிந்துகொள்கிறேன்" என்றார்.

அதன்பின் இரண்டு பக்கத்தாரையும் தனித்தனியாகப் பேசவைத்து ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வோல்ட்டர் வெளியேறத் தேவையில்லை. கீழ்த்தளத்தில் பின்தோட்டத்துக்குக் கதவுள்ள வீடு ஒன்று காலியாக இருந்தது. அதே வாடகைக்கு அதற்கு மாறுவார். இனி வீட்டுக்குள் புகைக்க மாட்டார், தோட்டத்துக்குப் போய்த்தான் புகைப்பார். உரிமையாளர் முப்பது நாளுக்குள் துவாரங்களை அடைக்கவேண்டும், நாற்பத்தெட்டு வீட்டிலும்.

வீட்டுக்குள் புகைக்க மாட்டேன் என்பதை வோல்ட்டரே முன்வந்து சொன்னார். "அந்தப் பிள்ளையை லிஃப்டில் கண்டிருக்கிறேன். இருமுகிற பிள்ளை என்றுதான் நினைத்தேன். அது என் இருமல் என்று எனக்குத் தெரியாது" என்றார். 

வேலையிலிருந்து நிற்பாட்டுகிற கடிதத்தை மூன்று கிழமை எதிர்பார்த்தேன். வரவில்லை. சாட்சி சொன்னதற்காக ஒருவரைத் தண்டிக்கச் சட்டம் விடாது என்று நுஸ்ரா தேடி வாசித்துக் காட்டினாள். மனேஜர் ஒருநாள் வந்து, துவாரம் அடைக்கிற ஆட்கள் நாளைக்கு வருவார்கள், கதவுகளைத் திறந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நூலகத்தில் அந்தப் படிவத்தில் வெறுமையான ஒன்றை அச்செடுத்து வாப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஏழு கிழமை எடுத்தது. கிடைத்தது என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார் என்று ராத்தா பிறகு சொன்னாள்.

7

வோல்ட்டர் மாறிய நாளில் செலாமும் வந்து பெட்டி தூக்கினாள். இருவரும் அதிகம் பேசவில்லை. கடிகாரத்தை எங்கே வைப்பது என்று அவர் கேட்க, இவள் வைத்தாள். பின்கதவிலிருந்து நானும் அவரும் அளவு நாடா பிடித்தோம். ஒன்பது மீற்றர் ஒரு மேப்பிள் மரத்தடியில் போய் முடிந்தது. அவர் அங்கே நின்று பார்த்துவிட்டு, "நல்ல இடம்தான்" என்றார்.

மூன்றாம் மாடி வீட்டைக் கழுவிப் பூசுகிற வேலை எனக்கு. நுஸ்ரா தானாகவே கூட வந்தாள். அப்படி அவள் வருவது குறைவு. வளர்ந்தபிறகு எங்களுக்குள் பேச்சு, சாப்பிட்டியா, எத்தனை மணிக்கு வருவாய் என்பதோடு நின்றிருந்தது.

படங்களைக் கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளை வெள்ளைச் சதுரங்களாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் கடும் மஞ்சள். அதுதான் சுவரின் நிறம் என்று நான் பத்து வருடமாக நினைத்திருந்தேன். சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தேன், சாயத் தண்ணீர் போல வடிந்தது. இருபத்தேழு வருட மூச்சு. ஒரு மனிதனுக்குள்ளும் போய்வந்து, சுவரிலும் இவ்வளவு படிந்து, மேல்வீட்டுக்கும் போயிருக்கிறது. வாளியை நான்கு தரம் மாற்றினோம். காற்றுக்குச் சட்டம் போடுகிறார்களே என்று தொடக்கத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏணியில் நின்ற நுஸ்ரா கையை நிறுத்தினாள்.

"வாப்பா, நீங்க விட்டிட்டு வந்த வீட்டில சுவர் என்ன கலர்?"

இருபது வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. நான் சொல்லியிருந்தால்தானே கேட்பதற்கு. அவளுக்கு மன்னார் என்றால் பாட்டியை, அவளுடைய உம்மும்மாவை, அடக்கிய கபுறும், ஒரு விடுமுறையும், வெயிலும்தான். அன்றைக்கு விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, வேறு யாருக்கோ நான் சொன்னதைத்தான் அவளும் முதல்தரம் கேட்டாள்.

"நீலம். நல்ல நீலமில்ல. சுண்ணாம்புக்குள்ள கொஞ்சம் நீலம் கலந்து அடிக்கிறது."

"எல்லா ரூமுமா?"

"இல்ல. குசினி கறுப்பு, விறகு அடுப்பு. முன்னறையில உம்மா ஒரு பக்கத்துக்கு மட்டும் பச்சை அடிச்சவ. அதுக்கு வாப்பா ஏசினவர்."

அவள் ஏணியிலிருந்து இறங்கி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கழுவிய சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள்.

"வாசல்ல இருந்து சொல்லுங்கோ" என்றாள். "ஸ்லோவா. எனக்கு எல்லாச் சொல்லும் தெரியாது."

பஞ்சை வாளிக்குள் போட்டுவிட்டு நானும் அவளுக்கு எதிரே இருந்தேன். வாசலிலிருந்து தொடங்கினேன்.